ஒரு ரூபாய்க் கட்டடம்

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானக் கணக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கட்டடம் கட்டினால், வருஷா வருஷம் அதன் மதிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கழித்து முடித்த பிறகும் கட்டடம் என்னவோ அதே இடத்தில் நின்றுகொண்டுதான் இருக்கும். பேரேட்டில் பூஜ்யம் என்று போட்டுவிட்டால், அப்படி ஒரு சொத்து இருப்பதே மறந்துபோகும். அதற்காக ஒரு ரூபாய் என்று எழுதிவைப்பது ஒரு வழக்கம்.

கல்லூரியில் இதைப் படித்தபோது சிரிப்பாக இருந்தது. ஒரு ரூபாய்க்கு பீச்சில் சுண்டல்கூடக் கிடைக்காதே! இப்போது யோசித்தால், அந்த ஒரு ரூபாய் சமாசாரம் அவ்வளவு லேசானதில்லை என்று தோன்றுகிறது. முதலாளிக்கு அந்தக் கட்டடத்தால் ஆக வேண்டியது ஆகிவிட்டது. கட்டடத்துக்கு அது தெரியுமா? கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. மழைக்கு ஒதுங்க வருகிறவனிடம் எந்தக் கட்டடமும் பேலன்ஸ் ஷீட்டை எடுத்து நீட்டுவதில்லை.

அப்படி நிற்கிற கட்டடம் யாருடையது? பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. இதில் சந்தேகமே இல்லை. நான் கேட்க வருவது வேறு. தானும் பயன்படுத்தாமல், மற்றவரையும் பயன்படுத்த விடாமல், பூட்டிவைத்து இடிந்து விழ விடுவதற்கும் அவருக்கு உரிமை உண்டா? 'தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான்' என்பார்களே, அது சட்டப்படி குற்றமில்லை. நியாயப்படி?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி மெக்காலென் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வால்மார்ட் கடை இருந்தது. கடை என்றதும் நம்ம ஊர் டிபார்ட்மென்டல் ஸ்டோரை நினைத்துவிடாதீர்கள். சுமார் 1,23,000 சதுர அடி, எல்லாம் ஒரே தளம். ஒன்றரைக் கால்பந்து மைதானத்துக்குக் கூரை போட்ட மாதிரி. வால்மார்ட் காலி செய்துகொண்டு போய்விட்டது. ஜன்னல் இல்லாத அவ்வளவு பெரிய பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஊர் நிர்வாகம் அதைப் பொது நூலகமாக்கியது. 2011 டிசம்பரில் திறந்தார்கள். கடைக்காக யோசித்துக் கட்டியதெல்லாம் நூலகத்துக்கும் அப்படியே பொருந்தியதுதான் வேடிக்கை. தூண்கள் தள்ளித் தள்ளி இருந்தன; ஆக, அலமாரிகளை இஷ்டத்துக்கு நிறுத்தலாம். ஒரே தளம், சக்கர நாற்காலியில் வருகிறவரும் கடைசிப் புத்தகம் வரை போய்ப் பார்க்கலாம். கார் நிறுத்த இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பழைய சுவருக்கும் கூரைக்கும் வெள்ளை அடித்து, குழந்தைகளுக்கு ஒரு பகுதி, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பகுதி, காபி குடிக்க ஓர் இடம், கூட்டம் போட ஓர் அரங்கம் என்று பிரித்தார்கள். அடுத்த வருஷமே உள்வடிவமைப்புக்காக அமெரிக்க நூலகச் சங்கத்தின் விருதும் கிடைத்தது. நேற்றுவரை பணம் இல்லாதவனுக்கு வேலையே இல்லாத இடம். இன்று உள்ளே போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் 'என்ன வாங்குறீங்க?' என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இங்கே விக்டர் க்ரூயன் என்கிற மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வியன்னாவில் பிறந்த யூதர், கட்டடக் கலைஞர். ஹிட்லருக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா போனவர். கூரை போட்டு, ஏ.சி. செய்து, எல்லாக் கடைகளும் உள்பக்கம் பார்த்து நிற்கிற ஷாப்பிங் மால் இருக்கிறதே, அதன் தகப்பன் இவர்தான். மினசோட்டா மாநிலத்தில் 1956-ல் திறந்த சவுத்டேல் மால்தான் முதலாவது.

க்ரூயன் கனவு கண்டது கடைகளை மட்டும் அல்ல. காரிலேயே பிறந்து காரிலேயே வளர்கிற அமெரிக்கப் புறநகர்க்காரனுக்கு, வியன்னாவில் இருக்கிற மாதிரி கூடிப் பேச ஒரு நடுவூர் வேண்டும் என்று ஆசைப்பட்டார். மாலைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா, ஏரி என்று வரைபடம் போட்டார். முதலாளிகள் வரைபடத்தை வாங்கி, லாபம் வருகிற பகுதியை மட்டும் கட்டிக்கொண்டார்கள். மாலும் கார் நிறுத்துமிடமும் வந்தன. மீதி காகிதத்திலேயே தங்கிவிட்டது. மனம் கசந்து ஊர் திரும்பிய க்ரூயன், 1978-ல் ஒரு மேடையில், 'இந்தப் பிள்ளைகள் எனக்குப் பிறந்ததில்லை, இதுகளுக்கு ஜீவனாம்சம் கட்ட என்னால் முடியாது' என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டார். 1980-ல் காலமானார். அதற்குள் வியன்னாவுக்குத் தெற்கிலேயே ஒரு பெரிய மால் முளைத்துவிட்டது. மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தப் பிள்ளைகள் சாகிற காலத்தில்தான் அப்பா பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். நாஷ்வில் நகரத்தில் ஹண்ட்ரட் ஓக்ஸ் என்ற மால் நொடித்துப் போனது. 2009-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் அதில் பாதியை வாடகைக்கு எடுத்து கிளினிக்குகளை நிரப்பியது. 2020-ல் மாலையே விலைக்கு வாங்கிவிட்டது. வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் பி.சி.பி. என்கிற நச்சு ரசாயனம் இருப்பது தெரிந்து 2020-ல் பூட்டிவிட்டார்கள். ஊர் நடுவே மேஸிஸ் என்ற பெரிய துணிக்கடை காலியாகக் கிடந்தது. 2021 மார்ச்சில் உயர்நிலைப் பள்ளி அதற்குள் குடிபோனது. பிள்ளைகள் எஸ்கலேட்டரில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். தடுப்புச் சுவர்கள் கூரை வரை எட்டாததால் பக்கத்து வகுப்பு சத்தம் இந்த வகுப்பில் கேட்டது. நம் ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

நூலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். க்ரூயன் கேட்டது இதைத்தான்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் ஒரு விஷயம் பொது. உரிமையாளர் விற்றார், அல்லது வாடகைக்குக் கொடுத்தார். 'மாட்டேன், பூட்டித்தான் வைப்பேன்' என்று அவர் சொல்லியிருந்தால்? பெரிய சங்கிலிக் கடைகள் சில, ஓர் இடத்தைக் காலி செய்யும்போது போட்டிக் கடை அங்கே வரக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதுவது உண்டு. அதற்காகவே பல வருஷம் வாடகை கொடுத்துக் காலியாக வைத்திருப்பதும் உண்டு. காலியாக இருப்பதுதான் அங்கே வியாபாரம்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.1 கோடி. அதற்கு மறுவருஷம் மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்று கணக்குச் சொன்னது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, இதைக் கழித்து அதில் சேர்த்தால் தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பூட்டிய வீடு கோயமுத்தூரில் இருக்கும், வீடில்லாதவர் பாட்னாவில் இருப்பார். பூட்டிய வீடு எண்பது லட்சம் பெறும், இவர் கையில் எண்பது ரூபாய் இருக்கும். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு ராத்திரி ஃப்ளைஓவருக்குக் கீழே ஆட்டோவில் போகும்போது மனசு ஏதோ கேட்கத்தான் செய்கிறது.

பூட்டிய வீட்டுக்காரர் ஒருவரிடம் பேசிப்பாருங்கள். "சார், நீங்க ஈஸியா எழுதிடுவீங்க. பையன் நியூஜெர்ஸில இருக்கான். நானும் அவளும் இந்தப் பக்கம் ஃபிளாட்ல இருக்கோம். வாடகைக்கு விட்டா, ஆள் கிளம்ப மாட்டான். இந்த வயசுல நான் கோர்ட்டுக்கு அலையணுமா? பூட்டு தொங்கினாலும் பரவாயில்லை, வீடாவது மிஞ்சும்" என்பார். அவரை வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடகை வழக்கு ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்த யாருக்கும் வராது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம், பதிவு, கெடு முடிந்தால் காலி என்று அதில் இருக்கிறது. பயம் மட்டும் பழைய சட்டத்திலேயே குடியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போய்ப் பார்த்தவர்கள் ஹாலந்துக்காரர்கள். அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1971-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. யாரும் பயன்படுத்தாத கட்டடத்துக்குள் நுழைவது, குடியிருக்கிற வீட்டுக்குள் அத்துமீறுவது ஆகாது என்பது சாரம். அவ்வளவுதான், இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் காலிக் கட்டடங்களுக்குள் போனார்கள். போகும்போது ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி எடுத்துப்போவார்கள். அந்த மூன்றும் இருந்தால் குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம்! பிறகு அவர்களே போலீஸைக் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொல்வார்கள். பின்னால் ஒரு வருஷமாவது காலியாக இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. கடைசியில் 2010 அக்டோபர் 1 முதல் மொத்தமாகவே தடை போட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒரு பணக்கார நாடு, 'உபயோகிக்காதவனின் உரிமை கொஞ்சம் இளைத்த உரிமை' என்று நம்பி வாழ்ந்திருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

பூட்டை உடைப்பது தீர்வா என்றால், வெனிசுவேலா தலைநகர் கராகஸில் நடந்ததைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 45 மாடி நிதி நிறுவனக் கோபுரம். கட்டிக்கொண்டிருந்த டேவிட் பிரில்லம்பர்க் 1993-ல் இறந்தார். அடுத்த வருஷம் நாட்டின் வங்கிகள் கவிழ்ந்தன. கோபுரம் அரைகுறையாக நின்றது. 2007-ல் வீடில்லாத குடும்பங்கள் உள்ளே புகுந்தன. ஒரு கட்டத்தில் சுமார் 3,000 பேர். லிஃப்ட் கிடையாது, 28-வது மாடி வரை ஜனங்கள். தண்ணீரை மேலே ஏற்ற அவர்களே குழாய் போட்டார்கள். உள்ளே மளிகைக் கடை வந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்களிலிருந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. 2014 ஜூலையில் அரசு அவர்களை இறக்கி ஊருக்கு வெளியே வேறு வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. ஏழை ஜனங்களின் சாமர்த்தியம் என்று பாராட்டி எழுதியவர்கள் நிறைய. எனக்கு அதைப் பாராட்டத் தெரியவில்லை. 28 மாடி ஏறி வீட்டுக்குப் போகிற கர்ப்பிணிக்கு, சாமர்த்தியமும் வேண்டாம், புகழும் வேண்டாம். லிஃப்ட் வேண்டும்.

பூட்டுவதும் உடைப்பதும் தவிர வேறு வழி இல்லையா? வாஷிங்டனுக்குப் பக்கத்தில் அலெக்ஸாண்ட்ரியா என்ற ஊரில் லாண்ட்மார்க் மால். 2017-ல் கடைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. அந்த ஊரில் வீடில்லாதவர்களுக்காக நடக்கிற கார்ப்பென்டர்ஸ் ஷெல்டர் என்ற இல்லம், தன் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட இருந்தது. கட்டி முடியும்வரை ஆட்களை எங்கே வைப்பது? மாலில் மூடிக் கிடந்த துணிக்கடையில் வைத்தார்கள். 2018 கோடையில் குடிபோனார்கள். அதே கோடையில் மாலின் இன்னொரு பகுதியில் 'வொண்டர் வுமன் 1984' சினிமாவுக்காக, 1984-ல் இருந்த மாதிரியே பளபளவென்று கடைகளை செட் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்! ஒரு பக்கம் நிஜக் கடையில் வீடில்லாதவர்கள், இன்னொரு பக்கம் பொய்க் கடையில் சூப்பர் ஹீரோயின். 2020 கடைசியில் புதுக் கட்டடம் தயாரானது. கீழே இல்லம், மேலே குறைந்த வருமானக்காரர்களுக்கு 97 வீடுகள். எல்லோரும் கிளம்பிப் போனார்கள். 2022-ல் மாலை இடித்தார்கள். அந்த இடத்துக்குத் திட்டமிட்டிருப்பது ஒரு மருத்துவமனை.

உரிமையாளருக்கு இதில் ஒரு செங்கல்கூட நஷ்டமில்லை. மாம்பலத்துப் பெரியவர் பயப்படுகிற எதுவும் நடக்கவில்லை. தேதி போட்டுக் கொடுத்தார்கள், தேதிக்குத் திரும்ப வாங்கினார்கள். ஆக என் கட்சி இதுதான்: வீட்டுக்காரரின் பயத்துக்கு அரசாங்கம் பொறுப்பேற்று, கெடு வைத்து வாங்கி, கெடுவுக்குள் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகும் ஒருவர் சும்மா பூட்டிவைப்பேன் என்றால், அதற்கு விலை கொடுக்கட்டும். ஏனென்றால் பூட்டிய கட்டடத்தின் செலவை உரிமையாளர் மட்டும் ஏற்பதில்லை. எலியும் கொசுவும் பக்கத்து வீட்டுக்குத்தான் வருகின்றன. கனடாவின் வான்கூவர் நகரம் 2017-லிருந்து காலி வீட்டுக்குத் தனி வரி போடுகிறது. ஆரம்பத்தில் சொத்து மதிப்பில் 1 சதவீதம், பின்னால் 3 சதவீதம் ஆக்கினார்கள். நம் சென்னையின் 1919-ம் வருஷத்துப் பழைய மாநகராட்சிச் சட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? கட்டடம் காலியாக இருந்தால் வரியில் பாதிவரை தள்ளுபடி!

தனியாரையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? சர்க்கார் கட்டடங்களுக்கு நியூஜெர்ஸி மகன் கிடையாது, வாடகைப் பயமும் கிடையாது. அங்கே வேறு சங்கடம்.

ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடம் எல்லோருக்கும் தெரியும். புதிய சட்டமன்றம், தலைமைச் செயலகம் என்று 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. அந்த ஆகஸ்டில், இது பல்நோக்கு மருத்துவமனையாகும் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். 2014 பிப்ரவரியில் மருத்துவமனை வந்தது. நோக்கம் என்ன என்று ஊருக்கே தெரியும். ஆனால் அங்கே இதய ஆபரேஷன் செய்துகொண்டு நடந்து வெளியே வருகிறவரிடம் போய், 'இது பகையில் பிறந்த ஆஸ்பத்திரி' என்று சொல்லிப்பாருங்கள். 'போய்யா வேலையைப் பார்த்துக்கிட்டு' என்பார். அவர் சொல்வதும் நியாயம்.

ஆனாலும் மெக்காலெனுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே காலியானதால் மாற்றினார்கள். இங்கே மாற்றுவதற்குத் தோதாகக் காலியாக விட்டார்கள். விளைவு நல்லது என்பதால் முன்னதையும் பின்னதையும் ஒரே தராசில் வைத்தால், அடுத்த முறை எதைக் காலி செய்வார்கள் என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: 2011 நவம்பரில், உள்ளே ஜனங்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம்தான் தடுத்தது. குழந்தைகள் மருத்துவமனையை யாராவது வேண்டாம் என்பார்களா? அதுதான் இதில் இருக்கிற வசதி. பொது உபயோகம் என்ற சொல்லை முன்னால் நிறுத்தினால் பின்னால் நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இன்னும் சன்னமான ஒரு விஷயமும் உண்டு. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு, மாணவர்களே இல்லாமல் போன 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக மாற்றுவதாக அறிவித்தது. கட்டடம் பாழாவதைவிட இது நூறு மடங்கு மேல். மெக்காலெனுக்குக் கைதட்டிய நான் இதற்கும் கைதட்ட வேண்டியவன்தான். கை பாதியில் நிற்கிறது. வால்மார்ட் போனதற்கு ஊர் அழ வேண்டியதில்லை. அது வியாபாரம், வரும், போகும். பள்ளிக்கூடம் காலியானது எப்படி? ஊரில் பிள்ளைகள் குறைந்துபோனார்களா, மெட்ரிக்குலேஷன் பள்ளி வேன் வந்து அள்ளிக்கொண்டு போனதா, ஒரே வாத்தியாரை வைத்து ஐந்து வகுப்பு நடத்திப் பெற்றோர் நம்பிக்கை போயிற்றா? ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காரணம் இருக்கும். நூலகம் என்று போர்டு மாட்டிய பிறகு, அந்தக் காரணத்தை யார் விசாரிப்பார்கள்?

பள்ளிகளை மூடவில்லை, பிள்ளைகள் சேர்ந்தால் மறுபடி பள்ளியாகவே நடக்கும் என்றும் அப்போது அரசுத் தரப்பில் சொன்னார்கள். பேரேட்டில் ஒரு ரூபாய் எழுதிவைத்த மாதிரி. ஐந்து வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா அந்த வாசலில் வந்து நின்றால், சேர்த்துக்கொள்ள உள்ளே ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.